ஏழு நாள் கலைப் பயணம்: காரைக்குடியிலிருந்து சிங்கப்பூரா, ஆம்ஸ்டர்டாமா?

ஒரு வாரம் லீவு, கையில் பாஸ்போர்ட், ஓவியமும் சிற்பமும் பட்டறைகளும் பார்க்கிற ஆசை. இப்படிக் கிளம்புகிறவருக்கு பாரிஸ் ஒரு வாரத்தில் அடங்காது. பினாங்கு பாதி வாரத்திலேயே தீர்ந்துவிடும். மிஞ்சுவது இந்த இரண்டு ஊர். ஏழே நாள்தான் என்றால் எங்கள் ஓட்டு சிங்கப்பூருக்கு.

ஆம்ஸ்டர்டாமில் செலவு கூடுதல், குளிர் கூடுதல், சைவச் சாப்பாட்டுக்கு அலைச்சலும் கூடுதல். இதெல்லாம் எல்லாரும் அறிந்ததே. முடிவைத் தீர்மானிப்பது வேறு: ஏழு நாளில் எத்தனை மணி நேரம் படைப்புகளுக்கு முன்னால் நிற்கிறோம் என்ற கணக்கு.

திருச்சி விமான நிலையம் இங்கிருந்து சுமார் 90 கி.மீ. அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம், ஏறக்குறைய 4 மணி நேரம். இரவில் ஏறினால் மறுநாள் முற்பகலிலேயே அருங்காட்சியகத்துக்குள் இருக்கலாம். ஆம்ஸ்டர்டாமுக்குத் திருச்சியிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஓரிடத்திலோ ஈரிடத்திலோ மாறி, வீட்டு முகப்பிலிருந்து ஓட்டல் அறை வரை 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்தால் மிச்சம் ஐந்து. அதிலும் முதல் இரண்டு நாள் உடம்பு இந்திய நேரத்தில்தான் ஓடும். இங்கே காலை ஐந்தரைக்கு எழுகிறவருக்கு அங்கே நடுநிசி தாண்டி ஒன்று, இரண்டுக்கே முழிப்பு வந்துவிடும். அருங்காட்சியகம் திறப்பதோ ஒன்பதுக்கு.

பெரிய சிக்கல் விசாவும் டிக்கெட்டும் ஒன்றையொன்று கட்டிப்போடுவது. ஆம்ஸ்டர்டாமுக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு நேரில் போய்க் கைரேகை வைக்கவேண்டும். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பாஸ்போர்ட் என்றைக்குத் திரும்பி வரும் என்பது நம் கையில் இல்லை. வான்கோ அருங்காட்சியகத்திலோ நாளும் மணியும் குறித்த டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்தவர்கள்தான் உள்ளே போக முடியும். விசா வரட்டும் என்று காத்திருந்தால் கோடைக்கால நேரங்கள் காலியாகிவிடும். முந்தி வாங்கினால், விசா தாமதமாகும் பட்சத்தில் காசு போனதுதான். போயே தீருவது என்றால் வான்கோ நேரத்தை மூன்றாம் நாள் காலைக்கு முதலில் பூட்டிவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். ரைக்ஸ்மியூசியம் வருஷம் 365 நாளும் 9 முதல் 5 வரை திறந்திருக்கும், ஆகவே அதைத் திங்களுக்குத் தள்ளுங்கள். ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம் திங்களன்று பகல் 1 மணிக்குத்தான் திறக்கும்; ஓட்டர்லோவின் கிரோலர்-முல்லர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

சிங்கப்பூரில் இந்த முடிச்சே விழாது. விசா ஏஜென்ட் வழியாக, கைரேகை இல்லாமல், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப மறக்கக்கூடாது. தேசியக் கலைக்கூடமும் ஆசிய நாகரிக அருங்காட்சியகமும் எல்லா நாளும் 10 முதல் 7 வரை. ஆசிய நாகரிக அருங்காட்சியகம் மட்டும் வெள்ளியன்று 9 வரை. இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடைதான். ஒன்றில் கால் ஓய்ந்தால் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். வழக்கமாகத் திங்களன்று மூடுவது இந்திய மரபுடைமை நிலையமும் கில்மன் பேரக்ஸ் வளாகத்தின் பெரும்பாலான தற்கால கேலரிகளும்.

அந்த மரபுடைமை நிலையத்தில் ஒரு செட்டிநாட்டு நிலைவாசல் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 5,000க்கும் மேற்பட்ட நுண்செதுக்கல்கள். நம்மூரில் இல்லாத நிலையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இங்கே அதற்கடியில் நடந்து போகிறோம், நின்று பார்ப்பதில்லை. எண்ணெயும் புகையும் வருஷத்துக்கொரு வார்னிஷும் ஏறிச் செதுக்கலின் பள்ளம் தூர்ந்து கிடக்கும். அங்கே விளக்கு வெளிச்சத்தில், அவசரமில்லாமல், உளி எங்கே திரும்பியது என்று பார்க்கலாம்.

ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் நேரத்தைத் தாராளமாக ஒதுக்கவேண்டியது சீனத் தாங் வம்ச காலத்துக் கப்பல் சரக்குக்கு. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998ல் கிடைத்தது. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த கப்பல், சுமார் 60,000 பீங்கான்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு உரிய சீனத் தேதி பொறித்திருக்கிறது. கிண்ணங்களைப் பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வியாபாரம் செய்ய, ஆண்கள் போன ஊரிலிருந்து வந்த பீங்கானை வைக்கோல் வைத்துப் பெட்டியில் பார்த்த செட்டிநாட்டு ஆச்சிகளுக்கு அந்த அடுக்கை விளக்கவே வேண்டாம்.

தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் சுவா மியா டீ 1959ல் வரைந்த மொழி வகுப்பு ஓவியம் உண்டு. கரும்பலகையில் மலாயில் இரண்டே கேள்வி: உன் பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறாய்? ராடன் சாலேயின் காட்டுத்தீ ஓவியம் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் அகலம், 1849ஆம் ஆண்டினது. பத்தடி தள்ளி நின்றால்தான் முழுசாகக் கண்ணுக்குள் வரும்.

பட்டறை என்றால் ராபர்ட்சன் கீயில் எஸ்டிபிஐ (STPI) என்ற கலைப் பட்டறை: அச்சுக்கலையும் கையால் காகிதம் செய்வதும். பட்டறைக்குள் போவதற்கு வழிகாட்டிச் சுற்று உள்ள நாளைப் பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் முன்னாலுள்ள கேலரியோடு திரும்பவேண்டியதுதான். நகரத்தார் கட்டிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு அங்கிருந்து நடந்துவிடலாம். ஜூரோங் பக்கம் தௌ குவாங் பானைப் பட்டறையில் 1940ல் கட்டிய டிராகன் சூளை, அதாவது நீண்ட விறகுச் சூளை, இருக்கிறது. விறகு சாம்பல் பறந்து பானைமேல் விழுந்து, வெக்கையில் உருகி, தானே மெருகாகும். எரிப்பது வருஷத்தில் சில தடவைதான். முன்னரே கேட்டுக்கொள்ளாமல் போனால் ஆறிய சூளையைத்தான் பார்ப்பீர்கள்.

ஆம்ஸ்டர்டாம் அப்பட்டமாக ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ரைக்ஸ்மியூசியத்தில் ரெம்பிராண்டின் ‘நைட் வாட்ச்’ ஓவியம் 2019 முதல் கண்ணாடி அறைக்குள் ஆய்வில் இருந்தது. 2024 நவம்பரில் பழைய வார்னிஷை நீக்கும் வேலையைப் பார்வையாளர் கண்முன்னாலேயே தொடங்கினார்கள். அதே அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டு நடராசரும் இருக்கிறார், ஆனால் அதற்காகப் போகவேண்டியதில்லை. தஞ்சாவூர் கலைக்கூடம் பஸ் தூரம். ரயிலில் ஒரு மணி நேரத்தில் டெல்ஃப்ட், 1653ல் தொடங்கிய ராயல் டெல்ஃப்ட் பட்டறை. துளையிட்ட காகிதத்தை ஓட்டின்மேல் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவார்கள். புள்ளிக்கோலம் மாதிரி விழும். அதன்மேல் தூரிகையால் இழுக்கும் கோபால்ட் கறுப்பாகத்தான் தெரியும். சூளையிலிருந்து வரும்போது நீலம், கரி எரிந்துபோயிருக்கும். ஆத்தங்குடியில் சூளையே கிடையாது, கண்ணாடிமேல் சிமெண்டுக் கலவையை ஊற்றித் தண்ணீரில் போட்டு ஆறவைப்பதுதான். அந்த வேலையைப் பார்த்து வளர்ந்தவருக்கு டெல்ஃப்டில் ஒரு நாள் செலவிடக் கட்டாயம் தகும். ஐரோப்பியத் தைல ஓவியம்தான் உயிர் என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் தலைகீழ். அவர்கள் ஏழு நாளைப் பத்தாக்கிக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்கே போகட்டும். தற்கால கேலரிகளை மட்டும் பார்க்கிறவர்கள் கில்மன் பேரக்ஸை நம்பிச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது அரை நாள் சமாச்சாரம்.

தௌ குவாங்கில் பானை வாங்குகிற உத்தேசம் இருந்தால், திரும்பும் டிக்கெட்டில் செக்-இன் கிலோவை ஊரிலிருந்தே சேர்த்து வாங்கிவையுங்கள். விமான நிலைய கவுண்டரில் கட்டும் எடைக்காசு சில சமயம் பானை விலையைத் தாண்டிவிடும். பானையைச் சுற்றிக் கட்ட இரண்டு பழைய வேட்டி போதும்.