பிரம்புன்னு சொல்லி உளுத்த மூங்கில வித்துட்டாங்க, சிலம்பக் கம்பு ஆன்லைன்ல வாங்குறவங்க ஒரு தடவ படிச்சிருங்க

கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

கோடை லீவுல பாப்பாவ சிலம்பம் கிளாஸ்ல சேத்து விட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கொண்டு போய் விட்டுட்டு கிரவுண்ட் ஓரத்துல உக்காந்து போன நோண்டிட்டு இருப்பேன், நாலு நாள் பாத்துட்டு வாத்தியாரே கேட்டாரு, "என்ன தம்பி, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, வந்து நில்லுங்களேன்"னு. 37 வயசுல நமக்கு என்னத்த வரப்போகுதுன்னு நினச்சேன், இருந்தாலும் நின்னுட்டேன். மொத ரெண்டு வாரம் கம்பே குடுக்கல, வெறும் காலடிதான், தொடை ரெண்டும் கழண்டு போச்சு. அப்புறம் அவர்ட்ட இருந்த பழைய கம்பு ஒன்ன குடுத்தாரு. கருத்துப் போயி, நடுவுல பல பேரு கை பட்டு வழவழன்னு, பாக்கவே அழுக்கா இருக்கும். எனக்கு சொந்தமா பளபளன்னு ஒன்னு வாங்கணும்னு ஆச. கேட்டேன். "இப்ப வேணாம் தம்பி, இன்னும் ரெண்டு மாசம் இதுலயே சுத்துங்க, அப்புறம் நானே கூட்டிட்டுப் போயி உங்க உயரம் பாத்து எடுத்துத் தாரேன்"னாரு. எனக்குப் பொறுமை இல்ல. இது என் தப்பு, மொதல்லயே சொல்லிர்றேன், கமெண்ட்ல வந்து யாரும் தனியா சொல்ல வேணாம்.

இன்ஸ்டால ஒரு பேஜ் கண்ணுல பட்டுச்சு. பேர் சொல்லல, ஏன்னு கடைசில புரியும். சிவப்புப் பாய் மேல வரிசையா கம்பு அடுக்கி வச்சு, ஓரத்துல ஒரு துளசித் தொட்டி, போட்டோ அவ்ளோ அழகா இருந்துச்சு. "ஒரிஜினல் பிரம்பு, போட்டிக் கம்பு, ரெண்டு முனையிலயும் பித்தளைப் பூண்"னு போட்டிருந்தான். பெரியவங்களுக்கு அஞ்சரை அடி 1,150, பிள்ளைங்களுக்கு நாலடி 750. ரெண்டையும் சேத்து 1,900, ஜிபேல அனுப்பிட்டேன். தனி ஆளு நம்பர், கடை பேரு கூட வரல, அப்பவே உறைச்சிருக்கணும். பில்லு கேட்டேன், "பார்சல்குள்ள இருக்கும் ப்ரோ"ன்னான். இருக்கல.

பத்து நாள் கழிச்சு வந்துச்சு. சணல் சாக்கு சுத்தி, உள்ள பபிள் கவர், பிரிச்சா வார்னிஷ் வாசம் மூக்கத் தொளைக்குது. கம்பு நல்லா தேன் கலர்ல மின்னுச்சு, பிடி வர்ற எடத்துல சிவப்பு மஞ்ச டேப்பு, ரெண்டு முனையும் பித்தளைத் தொப்பி மாதிரி மூடியே இருந்துச்சு. இதக் கவனிச்சுக்கங்க, பூண்னா வளையம். கம்பு முனை பிளக்காம இருக்க மோதிரம் மாதிரி போடுறது, முனை வெளிய தெரியும். இவன் போட்டிருந்தது மூடி. முனை எப்படி இருக்குன்னு நம்ம பாக்கவே முடியாது. அழகா இருக்குன்னுதான் நான் நினச்சேன்.

அந்த ஜூன் மாசம் பூரா வாத்தியார் போட்டிக்குப் போற பிள்ளைங்களோட பிஸி, எங்க மாதிரி கத்துக்குட்டிங்கள ஒரு சீனியர் பையன்தான் பாத்துக்கிட்டான். புதுக் கம்ப எடுத்துச் சுத்த ஆரம்பிச்ச நாள்லருந்து மணிக்கட்டு வலி. பழைய கம்புல வந்த வீச்சு இதுல வரல, கம்பு என்னைய இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. வயசாயிருச்சுன்னு நினச்சேன், தைலம் தேச்சேன், வீட்டுல நக்கல் வேற. மூணு வாரம் இப்படியே போச்சு. பாப்பாவும் கை வலிக்குதுன்னு சொன்னா, அவ கிளாஸுக்கு மட்டம் போடப் பாக்குறான்னு திட்டி வேற விட்டேன். இப்ப நினச்சா அதுதான் சங்கடமா இருக்கு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஜோடியா நின்னு அடியும் தடுப்பும் பழகுறோம், எதிர்ல அந்த சீனியர் பையன், ரொம்ப மெதுவாத்தான் அடிச்சான். மொத அடில ஒரு பக்கத்து மூடி தெறிச்சுப் போயி காம்பவுண்ட் சுவத்துல டங்குன்னு விழுந்துச்சு. என்னடான்னு யோசிக்கிறதுக்குள்ள அடுத்த அடி, கம்பு கணுவுலருந்து நீளவாக்குல பொளந்துருச்சு, மூங்கிலு பொளந்தா எப்படி இருக்கும்னு தெரியும்ல, கத்தி மாதிரி. ஒரு சிலாம்பு என் உள்ளங்கைல ஏறிருச்சு, இன்னொரு துண்டு பறந்து பாப்பா நின்ன எடத்துக்கு ஒரு மூணு அடி தள்ளி விழுந்துச்சு. சிலம்பம் கத்துக்க வந்து சிலாம்பு எடுக்க கிளினிக் போன ஆளு நான்தான். டிடி ஊசி, ரெண்டு தையல்.

திங்கக்கிழமை கட்டோட போனேன், வாத்தியார் அந்த உடைஞ்ச கம்ப வாங்கிப் பாத்தாரு. திட்டுவாருன்னு எதிர்பாத்தேன், திட்டல, அதுதான் இன்னும் வெக்கமா போச்சு. கட்டைச் சுவத்துல உக்காந்து டேப்ப உரிச்சாரு, இன்னொரு மூடிய கல்லால தட்டிக் கழட்டுனாரு. உள்ள வெள்ளை சிமெண்ட் மாதிரி எதயோ வச்சு அடைச்சிருந்துச்சு. ஏன்னா மூங்கிலு உள்ள பொந்து, பிரம்பு உள்ள கெட்டி, கைல தூக்குனா எடை வித்தியாசம் தெரிஞ்சுரும்ல, அதுக்காக ரெண்டு முனையிலயும் அடைச்சு எடைய ஏத்தி மூடி போட்டு மறைச்சிருக்கான். என் மணிக்கட்டு வலிக்கும் காரணம் அதுதான். நடுவுல எடை கூடுனா சுத்தும்போது அவ்வளவா தெரியாதாம், முனைல கொஞ்சம் கூடுனாலும் ஒவ்வொரு திருப்புக்கும் மணிக்கட்டுதான் அதத் தாங்கி நிறுத்தணுமாம். அப்புறம் கம்ப லேசா தரையில தட்டுனாரு. பொளந்த எடத்துலருந்து மைதா மாவு மாதிரி கொட்டுச்சு. "உளுத்துப் போன மூங்கிலு தம்பி"ன்னாரு.

அன்னைக்கு அவரு சொன்னதுல எனக்கு ஞாபகம் இருக்குறத எழுதுறேன், நான் ஒன்னும் பெரிய ஆளு இல்ல, தெரிஞ்சவங்க திருத்துங்க.

பிரம்பா மூங்கிலான்னு பாக்க முனை வெட்டப் பாத்தாலே போதும். பிரம்புன்னா குறுக்கு வெட்டுல நடு வரைக்கும் ஊசிக் குத்து மாதிரி பொடிப் பொடி ஓட்டையா இருக்கும், பொந்து இருக்காது. மூங்கில்னா வெளி ஓரத்துல புள்ளி நெருக்கமா இருக்கும், உள்ள போகப் போக கம்மி, நடுவுல பொந்து. கல் மூங்கில்னு ஒன்னு இருக்கு, அது கிட்டத்தட்ட கெட்டியாவே இருக்கும், அதுல நல்ல கம்பு கிடைக்கும், அதனால மூங்கில்னாலே மட்டம்னு நினைக்காதீங்க. மூங்கில மூங்கில்னு சொல்லி வித்தா எந்தப் பிரச்சனையும் இல்ல. கணுவுலயும் தெரியும், மூங்கில் கணு வளையமா மேடு தட்டி, கிளை வெட்டுன தழும்போட இருக்கும், பிரம்புல அவ்ளோ மேடு இருக்காது. என் கம்புல அந்த மேட்ட இழைச்சு எடுத்து அதுக்கு மேல டேப்பு ஒட்டியிருந்தான். கணுவ இழைச்சுட்டா மூங்கிலுக்கு பலமே போச்சு, கரெக்டா அங்கதான் பொளந்திருக்கு.

உடையும்போதும் ரெண்டும் வேற வேற. பிரம்பு அடி வாங்க வாங்க முனை நார் நாரா பிஞ்சு வரும், முன்னாடியே சொல்லிட்டுதான் போகும். மூங்கிலு நல்லாவே இருக்கும், திடீர்னு நீளத்துக்கும் பொளக்கும். ஜோடியா அடிச்சுப் பழகுறதுக்குப் பிரம்ப சொல்றது இதுக்காகத்தான். தனியா சுத்திப் பழக காஞ்ச மூங்கிலே போதும், லேசாவும் இருக்கும்.

உளு ஏன் வருதுன்னா மூங்கிலுக்குள்ள மாவுச்சத்து இருக்கு, இளசா வெட்டுனாலோ சத்து ஏறுன நேரத்துல வெட்டுனாலோ பூச்சி அதத் தேடி வந்துரும். தேய்பிறையில வெட்டணும்னு ஊர்ப் பெருசுங்க சொல்வாங்க, அது எந்த அளவுக்கு உண்மைன்னு வாதாட நான் வரல, ஆனா வெட்டுன மூங்கில கம்மாத் தண்ணில வாரக்கணக்கா ஊறப் போட்டு அப்புறம் நிழல்ல காய வைக்கிறதுல விஷயம் இருக்கு, அந்த சத்து தண்ணில கரைஞ்சு போயிரும். ஊறப்போடுறது, நிழல்ல உலத்துறது, அனல்ல வாட்டி கோணல் எடுக்குறது இதெல்லாம் மாசக்கணக்கு வேல. வார்னிஷ் அடிக்கிறது ஒரு மணி நேரம். எவன் எதச் செய்வான்னு நீங்களே பாத்துக்கங்க. குண்டூசி சைஸ் ஓட்டை இருக்கா, கம்பத் தட்டுனா மாவு கொட்டுதான்னு பாக்காம எடுக்காதீங்க. வார்னிஷ் வாசம் தூக்கலா அடிச்சா எதயோ மூடுறான்னு அர்த்தம், அதுவும் போக வேர்த்த கைக்கு வார்னிஷ் வழுக்கும்.

அளவு விஷயத்துலயும் ஏமாந்தேன். அஞ்சரை அடி ஸ்டாண்டர்டு சைஸ்னான். அப்படி ஒன்னு கிடையாதாம், நிமிந்து நின்னா கம்பு உங்க நெத்தி அளவுக்கு வரணும்னுதான் எங்க வாத்தியார் கணக்கு, வேற ஆசான் வேற மாதிரி சொல்லலாம், அவங்க சொல்றதக் கேளுங்க. நான் அஞ்சடி நாலு அங்குலம், எனக்கு அது தலைக்கு மேல நின்னுச்சு. கனம், பிடிச்சா கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரலும் தொடணும். பாப்பாவோடத அவ கையால சுத்திப் பிடிக்கவே முடியல, நான் அதப் பாக்கவே இல்ல. கடைல எடுக்கும்போது ஒரு கண்ண மூடிட்டு நீளத்துக்குப் பாருங்க, தரையில உருட்டுங்க, கோணல் இருந்தா தத்தித் தத்திப் போகும். ஒரு விரல் மேல நடுவுல வச்சு நிறுத்திப் பாருங்க. சிமெண்ட் தரையில செங்குத்தா ரெண்டு அங்குலம் தூக்கி விட்டா நல்ல கம்பு கணீர்னு கேக்கும், விரிசல் இருந்தா சத்தம் செத்துப் போயி கேக்கும். இதுல எதயாச்சும் போட்டோ பாத்து செய்ய முடியுமா?

சரி, அவன்கிட்ட கேட்டீங்களான்னு கேப்பீங்க. கேட்டேன். மொதல்ல "கம்புன்னா உடையத்தான் ப்ரோ செய்யும்". போட்டோ அனுப்புனேன். "யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டன் எடுக்க மாட்டோம்." சிமெண்ட் அடைச்ச போட்டோ அனுப்புனேன். "அது பேலன்ஸுக்கு." பேலன்ஸுக்காம்! கைல தையல் போட்ட போட்டோவும் அனுப்புனேன், ப்ளாக் பண்ணிட்டான். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன், தமிழ்லயே பேசுனாங்க. 2020ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி விளம்பரத்துல சொன்னதுக்கு மாறான பொருள அனுப்பிட்டு திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவன் சொல்லக் கூடாது. அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கட்டணமும் கிடையாது. ஆனா பில்லு இல்ல, கடை அட்ரஸ் இல்ல, சாக்குல எழுதியிருந்த அனுப்புநர் நம்பர் யாரோ கூரியர் ஆளோடது. எதிர்த்தரப்பு யாருன்னு எழுத வேண்டிய எடத்துலயே நின்னு போச்சு. ஜிபே ரசீதும் சாட் ஸ்க்ரீன்ஷாட்டும் மட்டும் வச்சிருக்கேன்.

இந்த வியாபாரம் ஏன் இப்படி முளைக்குதுன்னா, அரசு வேலைக்கு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பத்த சேத்தாங்க, 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டில டெமோ விளையாட்டா வச்சாங்க, தெருவுக்கு ஒரு கிளாஸ் வந்துருச்சு. நல்லதுதான். ஆனா வாங்குறவன் முக்கால்வாசி என்ன மாதிரி ஒன்னும் தெரியாத அப்பன், அது விக்கிறவனுக்கு நல்லாத் தெரியுது.

இப்ப எங்கிட்ட இருக்குறது ஏணி, தட்டி விக்கிற ஒரு மூங்கில் கடைல வாத்தியார் கூட வந்து எடுத்துக் குடுத்த கல் மூங்கில் கம்பு, 220 ரூபா. பளபளப்பு கிடையாது. உப்புத்தாள் போட்டு நானே தேச்சேன். சுத்தி முடிச்சதும் வேர்வையத் தொடச்சுட்டு ஒரு பழைய காட்டன் துணிய நீளத்துக்கும் உருவுறேன், நூலு எங்கயாச்சும் மாட்டுனா அங்க சிலாம்பு கிளம்புதுன்னு அர்த்தம், அப்பவே தேச்சு விட்டுர்றேன். மாசம் ஒரு தடவ வேப்பெண்ணெய், ரொம்ப இல்ல, துணில தொட்டு தடவி ஒரு ராத்திரி விட்டு காலைல நல்லா தொடச்சு எடுக்கணும், இல்லன்னா கையெல்லாம் பிசுபிசு. நாத்தம் அடிக்கும்தான், வீட்டுல திட்டுறாங்க. ஆளிவிதை எண்ணெய் போடுறவங்களும் இருக்காங்க, அந்தத் துணிய கசக்கி மூலைல போடாதீங்க, தானா சூடாகி தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடுங்க. கம்ப சுவத்துல சாச்சு வைக்கிறதில்ல, சாச்சா நாளடைவுல வளையும், ரெண்டு ஆணி அடிச்சு படுக்க வச்சிருக்கேன். மொட்டை மாடில, கார் டிக்கில வெயில்ல போட்டு வைக்கிறதும் ஆகாது, காஞ்சு வெடிச்சுரும். டேப்பு சுத்துறத விட்டுட்டேன், விரிசல் வந்தா கண்ணுக்குத் தெரியணும்.

பாப்பாவோட நாலடிக் கம்பு உடையல, ஆனா அதுலயும் மாவு கொட்டுச்சு. மத்த சாமானுக்குப் பரவுமேன்னு எரிச்சுட்டேன். அவளுக்கு மெல்லிசா ஒரு பிரம்பு சொல்லி வச்சிருக்கோம், அது வர்ற வரைக்கும் வாத்தியாரோட பழைய கம்புதான்.

பேர் ஏன் சொல்லலன்னா, போன வாரம் மச்சினன் ஒரு லிங்க் அனுப்புனான், "மாமா இதுல கம்பு சீப்பா இருக்கு பாருங்க"ன்னு. வேற பேரு, வேற லோகோ, வேற நம்பர். அதே சிவப்புப் பாய், அதே துளசித் தொட்டி.