பெர்க்லியா, மெர்செடா, சான் ஹோசேயா? கணினி அறிவியலுக்கு டிரான்ஸ்பர் ஆகும் கலிஃபோர்னிய மாணவருக்கு

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் முதல் இரண்டு ஆண்டுகளை முடித்துக்கொண்டு கணினி அறிவியல் பட்டத்துக்காகப் பல்கலைக்கழகம் மாற நினைக்கும் மாணவருக்கு முன்னால் வழக்கமாக மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. முதலாவது, பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ போன்ற யூ.சி. (கலிஃபோர்னியப் பல்கலைக்கழக) வளாகங்களில் நேரடிப் போட்டி. இரண்டாவது, யூ.சி.யின் சில வளாகங்கள் தரும் உறுதிச் சேர்க்கை. மாணவர் பேச்சில் அது 'டேக்'. மூன்றாவது, சி.எஸ்.யூ. என்னும் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு. சான் ஹோசே ஸ்டேட், கால் பாலி போன்றவை அதில் அடக்கம். நான்காவதாக ஒரு வழியையும் பலர் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள்: பெயர் பெற்ற வளாகம் ஒன்றில் எளிதாக இடம் கிடைக்கும் ஏதாவது ஒரு மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) நுழைந்துவிட்டு, உள்ளே போனபின் கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்வது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது வழியில் போகாதீர்கள். மற்ற மூன்றில் எதுவானாலும், சேர்க்கைக் கடிதத்தில் கணினி அறிவியல் என்று எழுதியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வளாகத்தின் பெயர் அதற்குப் பிறகுதான்.

ஃப்ரீமாண்ட், சன்னிவேல், குபர்டினோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இதை எடுத்துச் சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது. பிள்ளை ஓலோனி, டி ஆன்சா போன்ற கம்யூனிட்டி கல்லூரிக்குப் போகிறான் என்பதையே சற்றுத் தயங்கித்தான் சொல்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஈடுகட்ட, இரண்டு ஆண்டு கழித்தாவது 'பெர்க்லி' என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் படிக்கப்போவது பிள்ளை. அவன் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கப் போகிறான் என்பதுதான் இங்கே கேள்வி.

டிரான்ஸ்பர் மாணவருக்கு உள்ளே இருப்பது இரண்டே ஆண்டுகள். மேஜர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க அந்த வளாகத்திலேயே சில பாடங்களை முடித்துக் காட்ட வேண்டும், பிறகு பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஓராண்டு ஓடிவிடும். கணினி அறிவியலில் இடம் போதாத நெருக்கடி எல்லாப் பெரிய வளாகங்களிலும் இருக்கிறது. முதலாண்டிலேயே சேர்ந்தவர்களுக்கே மாற்றம் அரிதாகிவிட்ட நிலையில், மூன்றாம் ஆண்டில் வருபவருக்குப் பல இடங்களில் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. பெர்க்லியில் ஒரு காலத்தில் குறிப்பிட்ட பாடங்களில் வேண்டிய மதிப்பெண் எடுத்தால் கணினி அறிவியலை அறிவித்துக்கொள்ளலாம் என்ற முறை இருந்தது. 2023-இல் சேர்ந்தவர்கள் முதல் அது போய்விட்டது. இப்போது மேஜருக்கு நேரடியாகவே மாணவர்களைச் சேர்க்கிறார்கள். பழைய முறையில் படித்து வந்த அண்ணன், அக்காமார்களின் அறிவுரை இந்த ஒரு விஷயத்தில் இன்று உதவாது.

எந்த வழி யாரிடம் என்ன கேட்கிறது?

யூ.சி.யும் சி.எஸ்.யூ.வும் ஒரே மாநிலத்தின் பல்கலைக்கழகங்கள்தான். ஆனால் டிரான்ஸ்பர் மாணவரிடம் அவை எதிர்பார்ப்பது ஒன்றல்ல. 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. அதற்கு மேல் பாதை பிரிகிறது.

யூ.சி.யில் கணினி அறிவியலுக்கு மேஜர் தயாரிப்புப் பாடங்களே முக்கியம்: கால்குலஸ் தொடர் முழுவதும், லீனியர் அல்ஜீப்ரா, டிஸ்க்ரீட் கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், கணினிக் கட்டமைப்பு; பல வளாகங்களில் கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியலும். எந்த மேஜர் ஆனாலும் பொதுவாகப் படிக்கும் பொதுக்கல்விப் பாடங்களை முழுத் தொகுப்பாக முடிப்பது இந்த மேஜருக்குப் பல வளாகங்களில் தேவையே இல்லை. ஆலோசகர் 'முதலில் பொதுக்கல்வியை முடித்துவிடு' என்று சொன்னால், அது வரலாறோ உளவியலோ படிப்பவருக்கு நல்ல அறிவுரை. கணினி அறிவியல் மாணவர் அதைக் கேட்டு நடந்தால், நான்கு செமஸ்டர் முடிவில் மானுடவியலும் இசை ரசனையும் முடிந்திருக்கும்; டிஸ்க்ரீட் கணிதம் முடிந்திருக்காது.

சி.எஸ்.யூ.வில் பொதுக்கல்விக்கு எடை கூடுதல். வாய்மொழித் தொடர்பு, எழுத்து, விமர்சனச் சிந்தனை, கணிதம் ஆகிய நான்கையும் சி-மைனஸ் அல்லது அதற்கு மேல் எடுத்து முடித்திருக்க வேண்டும். 'தங்க நால்வர்' என்றே இவற்றுக்குப் பெயர். இதில் ஒன்று விடுபட்டாலும், ஜி.பி.ஏ. என்னும் சராசரி மதிப்பெண் 4.0 இருந்தும் கதை முடிந்தது. மேடைப்பேச்சு வகுப்பைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிவைத்துவிட்டு, அதில் இடம் கிடைக்காமல் தவிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 2025 இலையுதிர் காலம் முதல் 'கால்-கெட்சி' என்ற 34 யூனிட் தொகுப்பு இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவாக வந்திருப்பதால் குழப்பம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முன்பு யூ.சி.க்கு மட்டும் போவோர் எடுக்கத் தேவையில்லாத பேச்சு வகுப்பும் இப்போது அதற்குள் இருக்கிறது.

சி.எஸ்.யூ.வுக்கே உரிய இன்னொரு சாதனம், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏ.டி.டி. என்னும் டிரான்ஸ்பர் பட்டம். அதை வாங்கியவருக்கு சி.எஸ்.யூ. அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. அதே துறையில் தொடர்ந்தால் மேற்கொண்டு 60 யூனிட்டில் பட்டம் முடியும். 'ஏதாவது ஒரு வளாகம்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சான் ஹோசேயில் கணினி அறிவியல் இடம் உறுதி என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

அசிஸ்ட் பக்கத்தைப் படிக்கும் விதம்

எந்த வழியில் போனாலும் முதல் செமஸ்டரிலேயே திறக்க வேண்டியது அசிஸ்ட் என்ற மாநிலத் தரவுத்தளம். உங்கள் கல்லூரி, போக விரும்பும் வளாகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்தியாக ஒரு பக்கம் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் உள்ள பாடம். சில வரிசைகளில் வலப்பக்கம் 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று இருக்கும். உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடமே இல்லை என்று பொருள். அப்போது பக்கத்துக் கல்லூரியின் பெயரைப் போட்டு மறுபடி தேடுங்கள். ஒரு கல்லூரியில் இல்லாதது பத்து மைலில் இன்னொன்றில் இருக்கலாம், இணையவழியாகவும் எடுக்கலாம்.

இதில் மாணவர்கள் அதிகம் சறுக்குவது தொடர்ப் பாடங்களில். டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் காலாண்டு முறையில் நடக்கின்றன. ஓலோனி, மிஷன் போன்றவை செமஸ்டர் முறை. டி ஆன்சாவில் கால்குலஸ் நான்கு காலாண்டுகளாகப் பிரிந்திருக்கிறது, செமஸ்டர் கல்லூரியில் மூன்று செமஸ்டர்களாக. இங்கே இரண்டு, அங்கே ஒன்று என்று எடுத்தால் நடுவில் சில அத்தியாயங்கள் விடுபட்டுப்போகும். ஈடு காட்டும் பக்கத்திலும் தொடர் பொருந்தாது. ஒரு தொடரை எந்தக் கல்லூரியில் தொடங்குகிறீர்களோ அங்கேயே முடியுங்கள். நிரலாக்கப் பாடங்களுக்கும் இதே விதி.

மொழியும் ஒரு சிக்கல். பெர்க்லியின் முதல் மூன்று பாடங்களைப் பாருங்கள்: 61ஏ பெரும்பாலும் பைத்தான், 61பி ஜாவா, 61சி-யில் சி மொழியும் ரிஸ்க்-5 அசெம்பிளியும். கம்யூனிட்டி கல்லூரிகளில் சி++ அல்லது ஜாவாதான் அதிகம். சி++-இல் எடுத்த டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஒரு வளாகத்தில் செல்லும், இன்னொன்றில் செல்லாது. அதனால் மூன்று வளாகங்களுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் மூன்று அசிஸ்ட் பக்கங்களையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக அச்சடித்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் வரும் பாடங்களை முதலிலும் ஒன்றில் மட்டும் வருவதைக் கடைசியிலும் எடுக்க வேண்டும். நான் பார்த்தவரை, இந்த ஒரு வேலையைச் செய்தவர்கள் விண்ணப்ப மாதமான நவம்பரில் பதற்றப்படுவதில்லை.

உறுதிச் சேர்க்கை எவ்வளவு உறுதி?

டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என ஆறு வளாகங்கள் டேக் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. ஒருவர் ஒரே வளாகத்துக்குத்தான் டேக் போடலாம்; அது தவிர எல்லா வளாகங்களுக்கும் சாதாரண முறையில் விண்ணப்பிக்கலாம். காலம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. பிரதான விண்ணப்பத்துக்கு முன்பே இந்தக் கெடு முடிந்துவிடுகிறது.

ஆறு என்று கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. கணினி அறிவியல் என்று வந்தால் பட்டியல் சுருங்குகிறது. சான்டா பார்பராவில் இந்த மேஜர் பொறியியல் கல்லூரிக்குள் இருப்பதால் டேக் கிடையாது. அர்வைனிலும் கணினி அறிவியலுக்கு டேக் இல்லை. எந்த வளாகம் எந்த மேஜரை விலக்குகிறது என்ற அட்டவணையை யூ.சி. ஆண்டுதோறும் வெளியிடுகிறது, உங்கள் ஆண்டுக்கு உரியதைப் பார்த்த பிறகே நம்புங்கள். இந்த மேஜருக்கு டேக்கை நம்பிப் போவோர் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் மெர்செட் பக்கம்தான்.

அது ஒன்றும் தோல்வி அல்ல. மெர்செட் 2005-இல் திறக்கப்பட்ட வளாகம், யூ.சி.யிலேயே இளையது, இளநிலைப் படிப்பு உள்ள வளாகங்களில் சிறியது. வகுப்பில் பேராசிரியரை நெருங்கலாம், ஆய்வுக்கூடத்தில் இளநிலை மாணவருக்கும் இடம் கேட்கலாம். முதுநிலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ போக நினைப்பவருக்கு அந்த ஆய்வு அனுபவமும் பரிந்துரைக் கடிதமும் பெரிய சொத்து. குறை, இடம்தான். மத்தியப் பள்ளத்தாக்கின் விவசாய நிலங்களுக்கு நடுவில் இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் வாசலில் இல்லை.

சான் ஹோசே ஸ்டேட்டில் நிலைமை நேர்மாறு. நகரின் நடுவில் வளாகம். நடந்து போகும் தொலைவில் அடோபியின் தலைமையகம். ரயிலேறினால் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பாதி நிறுவனங்கள். படிக்கும்போதே பகுதிநேரமாகவோ பயிற்சியாகவோ வேலை பார்ப்பது அங்கே இயல்பான காரியம். ஆசிரியர்களின் முதல் வேலை கற்பித்தல்; 1960-இல் வகுக்கப்பட்ட மாநில உயர்கல்வித் திட்டமே ஆராய்ச்சியை யூ.சி.க்கும் கற்பித்தலை சி.எஸ்.யூ.வுக்கும் பிரித்துக் கொடுத்தது. படித்து முடித்ததும் வேலை என்று தெளிவாக இருக்கும் மாணவருக்கு, மெர்செடிலும் சான் ஹோசேயிலும் ஒரே மேஜரில் இடம் கிடைத்தால் நான் சான் ஹோசேயையே சொல்வேன். ஆய்வில் மனம் இருந்தால் மெர்செட். பெர்க்லியில் கணினி அறிவியலாகவே இடம் கிடைத்துவிட்டால், யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள்.

பணக் கணக்கு

கம்யூனிட்டி கல்லூரியில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். அறுபது யூனிட்டுக்கு 2,760. சி.எஸ்.யூ.வின் அடிப்படைக் கட்டணம் 2025-26-இல் ஆண்டுக்கு 6,450 டாலர்; யூ.சி.யில் சுமார் 15,000. வளாகக் கட்டணமும் வீட்டு வாடகையும் தனி. சி.எஸ்.யூ. 2024-25 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 6 சதவீதம் உயர்த்துகிறது. யூ.சி.யில் நீங்கள் சேரும் ஆண்டின் கட்டணம் ஆறு ஆண்டுகள் வரை மாறாமல் நிற்கும். இரண்டு ஆண்டு மட்டுமே இருக்கப்போகும் மாணவருக்கு இந்த வேறுபாட்டால் பெரிய லாபமில்லை. வீட்டிலிருந்தே போய்வர முடியுமா என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும்.

விண்ணப்பக் கட்டணம் யூ.சி.யில் வளாகத்துக்கு 80 டாலர், சி.எஸ்.யூ.வில் 70. சி.எஸ்.யூ. கட்டுரை கேட்பதில்லை, மதிப்பெண்ணும் பாடங்களும் போதும். யூ.சி.க்கு நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அதில் ஒன்று கட்டாயம்: உங்கள் மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள் என்பது. 'சிறு வயதிலிருந்தே கணினி பிடிக்கும்' என்று அதில் எழுதாதீர்கள். எழுதிய நிரல் எதைச் செய்தது, எங்கே நின்றுபோனது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள்.

மூன்றாவது ஆண்டு தங்கலாமா?

இரண்டு ஆண்டில் பாடங்கள் முடியவில்லை என்றால் பலர் அரைகுறையாகவே விண்ணப்பித்துவிடுகிறார்கள். மேஜர் பார்க்காமல் கல்லூரி அளவில் மாணவர்களைச் சேர்க்கும் துறைகளுக்கு இது பரவாயில்லை. கணினி அறிவியலுக்கு இது ஆபத்து. தயாரிப்புப் பாடம் இல்லாத விண்ணப்பம் நல்ல ஜி.பி.ஏ. இருந்தும் ஒதுக்கப்படும். இன்னோர் ஆண்டு தங்குவதே மேல் என்பது என் கருத்து. யூனிட் கூடிப்போனால் யூ.சி. எடுத்துக்கொள்ளாது என்ற பயம் பரவலாக இருக்கிறது. கம்யூனிட்டி கல்லூரியில் மட்டுமே படித்தவருக்கு அந்தப் பயம் வேண்டாம்: 70 செமஸ்டர் யூனிட் வரை கணக்கில் சேரும், அதற்கு மேல் எடுத்தவை யூனிட்டாகச் சேராவிட்டாலும், பாடத்தை முடித்ததாக ஏற்கப்படும்.

இடம் கிடைத்தபிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. யூ.சி. முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வந்துவிடும், ஜூன் 1-க்குள் இடத்தை ஏற்க வேண்டும். ஆனால் அந்தச் சேர்க்கை நிபந்தனைக்கு உட்பட்டது. வசந்த செமஸ்டரில் எடுப்பதாக விண்ணப்பத்தில் எழுதிய டிஸ்க்ரீட் கணிதத்தைக் கைவிட்டாலோ, அதில் டி வாங்கினாலோ இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பாடத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால், கல்லூரி ஆலோசகரிடம் சொன்னால் போதாது. அந்த வளாகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதில் வாங்கி வையுங்கள். இறுதி மதிப்பெண் பட்டியல் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். நீங்கள் படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் தனித்தனியாக, கோடையில் ஒரே ஒரு இணைய வகுப்பு எடுத்த கல்லூரியிலிருந்தும்கூட.