கிருஷ்ணகிரியில் குழந்தைகள் எடைக் குறைப்பு முகாம்: ஆலோசகராக இருந்து பார்த்தவை

கிருஷ்ணகிரியை அடுத்த மாந்தோப்பு ஒன்றில் கோடை விடுமுறையின்போது நடைபெறும் குழந்தைகள் எடைக் குறைப்பு முகாமில் இந்த ஆண்டு ஆலோசகராகப் பணிபுரிந்தேன். பத்து முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுடன் அங்கேயே தங்கி, விடியற்காலை எழுப்புவதிலிருந்து இரவு விளக்கணைப்பது வரை உடனிருப்பது என் பணி. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று ஓசூரிலும் தருமபுரியிலும் உள்ள நண்பர்கள் கேட்கிறார்கள். முகாமின் பெயரைத் தவிர்த்துவிட்டு, எந்த முகாமில் சேர்ப்பதானாலும் பெற்றோருக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உணவைப் பாராட்ட வேண்டும். எடைக் குறைப்பு என்றாலே ஓட்ஸும் வெள்ளரித் துண்டும்தான் என்று நினைத்து வந்த பிள்ளைகளுக்கு, இந்த மாவட்டத்தில் விளையும் கேழ்வரகையும் சாமையையும் கொண்டே சமைத்துப் போட்டார்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், சாமைச் சோறும் கொள்ளு ரசமும், மாலையில் அவித்த பச்சைப்பயறு அல்லது நிலக்கடலை என்று எல்லாமே வீட்டிலும் தொடரக்கூடிய உணவுகள். களியைக் கண்டு முகம் சுளித்த பெங்களூர்ப் பையன் ஒருவன், சில நாட்களில் அதைக் கடைசலில் புரட்டி மெல்லாமல் விழுங்கும் விதத்தைச் சமையற்கார அம்மாவிடமே கற்றுக்கொண்டான். யாரையும் பட்டினி போடவில்லை. இரண்டாம் முறை கேட்டவருக்குக் காய்கறியும் பயறும் மறுக்கப்படவில்லை.

மாம்பழத்துக்கு விதித்த தடையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மே மாதத்தில், செந்தூராவும் பெங்களூராவும் காய்த்துத் தொங்கும் தோப்பின் நடுவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு துண்டுகூடத் தரக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சர்க்கரைக் கணக்கில் பழச்சாற்றிலுள்ள சர்க்கரை சேரும். முழுப் பழத்தில் இயல்பாக உள்ளது சேராது. புட்டியில் அடைத்த மாம்பழச் சாற்றுக்கும் கையில் பிடித்துத் தின்னும் அளவான இரண்டு கீற்றுகளுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையிடம் மாம்பழமே பகை என்று சொல்லி அனுப்பினால், அந்தப் பேச்சு வீட்டு வாசல் வரைகூட நிற்காது.

விளையாட்டில் குறை இல்லை. 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிடம், மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கபடி, கயிறு தாண்டுதல், தோப்பைச் சுற்றிய நடை ஆகியவற்றால் அது எளிதாக நிறைவேறியது.

நான் கடுமையாக எதிர்ப்பது எடை பார்க்கும் முறையை. தினமும் காலை, வரிசையில் நிற்க வைத்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணை உரக்கப் படித்துப் பலகையில் எழுதினார்கள். ஒரு காலையில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி உதடு காய்ந்து நின்றாள். டம்ளரை நீட்டியபோது, "வேணாங்க்கா, தண்ணி குடிச்சா எடை ஏறிடும். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே குடிக்கல" என்றாள். முதல் வாரத்தில் குறையும் எடையில் கணிசமான பகுதி நீரின் இழப்புதான் என்பதை அங்கே எவரும் பிள்ளைகளுக்கு விளக்கவில்லை. வளரும் வயதில், எடை கூடாமல் உயரம் மட்டும் கூடினாலே பல பிள்ளைகளுக்குப் போதுமான முன்னேற்றம். அதனால்தான் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. அளவைக் குழந்தைகளுக்கு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற அட்டவணையில் வைத்துப் பார்க்கிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகள் இதற்காகவே இருக்கின்றன. முகாமுக்கு வந்து சென்ற மருத்துவர் அதைச் சரியாகவே பயன்படுத்தினார். பிள்ளை ஒருவனின் பின்கழுத்தில் படர்ந்திருந்த கருமையை அழுக்கென்று எண்ணி அவன் தாய் கடலை மாவு போட்டுத் தேய்த்துவந்தார். அது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம் என்று விளக்கி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியவரும் அவரே. அவர் பரிசோதித்த அறைக்குள்ளேயே எடையையும் பார்த்திருந்தால் ஒரு பிள்ளையும் தாகத்தோடு நின்றிருக்காது.

ஆலோசகர் பணிக்குச் செல்ல விரும்புவோருக்கு ஒரு சொல். பயிற்சி என்று தந்தது கால அட்டவணையின் விளக்கம் மட்டுமே. பள்ளியில் "குண்டா" என்று அழைக்கப்பட்டதைச் சொல்லி இரவில் அழும் பிள்ளையிடம் என்ன பேசுவது, ஒளித்து வைத்துத் தின்பவனைக் கண்டால் எப்படி நடந்துகொள்வது என்பதையெல்லாம் நாங்களே ஒருவரையொருவர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சம்பளம் சொன்ன நாளில் வந்தது, தங்குமிடம் சுத்தம்.

பெற்றோருக்கான அமர்வு கடைசி நாளில் ஒரு மணி நேரம் மட்டும் நடந்தது. அதிலும் பெரும்பாலோர் கேட்டது, "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு மேடம்?" என்பதையே. வீட்டில் எண்ணெயும் சர்க்கரையும் வாங்குபவர்கள், இரவு பதினொரு மணி வரை டிவி ஓடவிடுபவர்கள் பெரியவர்கள்தான் என்பதால், இந்த அமர்வு முதல் நாளிலேயே தொடங்கி வாரந்தோறும் நடக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடையைத் தனியறையில் பார்ப்பதும் அதே கடிதத்தில் உள்ளது. சேர்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் நேரில் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் முன்பணம் கட்ட வேண்டாம்.