பூட்டிய கணக்கா, இரட்டைக் கணக்கா, திறந்த பக்கமா? மாணவர்களின் இணைய முகம்: ஓர் ஒப்பீடு

இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தால் கல்லூரி மாணவர்கள் பலருக்கு ஒரே பதற்றம்: என் பெயரைத் தேடிப் பார்த்தால் என்ன வரும்? பள்ளி நாளில் தொடங்கி மறந்துபோன ஃபேஸ்புக் கணக்கு, யாரோ டேக் செய்த படம், கோபத்தில் எழுதிய கமென்ட் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அதற்கு அவர்கள் தேடும் வழிகள் பெரும்பாலும் நான்குதான். சிலர் எல்லாவற்றையும் பிரைவேட் ஆக்கிவிடுகிறார்கள். சிலர் நண்பர்களுக்கென்று இரண்டாவது கணக்கு தொடங்குகிறார்கள். சிலர் லிங்க்ட்இன்னை மட்டும் பளபளப்பாக வைத்துக்கொள்கிறார்கள். மிகச் சிலர்தான் தாங்கள் செய்த வேலையைப் பொதுவில் திறந்து வைக்கிறார்கள்.

இந்த நான்கையும் இரண்டு கேள்விகளை வைத்து எடைபோட்டுப் பார்க்கிறேன். இதன் பாதுகாப்பு உண்மையில் யார் கையில் இருக்கிறது? சில வருடங்கள் கழித்தும் இதை இப்படியே வைத்திருக்க முடியுமா?

பிரைவேட் பொத்தான் எதுவரை காக்கும்

பிரைவேட் ஆக்குவதுதான் இருப்பதிலேயே சுலபம். ஒரு பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது. ஆனால் இன்ஸ்டாகிராமில் பூட்டிய கணக்கிலும் முகப்புப் படம், பெயர், பயோ, ஃபாலோயர் எண்ணிக்கை எல்லாம் வெளியே தெரியும். பொதுக் கணக்குகளின் கீழே நீங்கள் எழுதும் கமென்டும் எல்லோருக்கும் தெரியும். ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள். வேண்டாதவரை ஒவ்வொருவராக நீங்கள்தான் நீக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகள் அனைத்தையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி இருக்கிறது. பள்ளிக்காலக் கணக்கு வைத்திருக்கும் எவரும் இன்றே அதைச் செய்துவிடலாம்.

பூட்டுக்குள் இருப்பவர்களை நம்பித்தான் பூட்டே இருக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். 2017-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், சேர்க்கை கொடுத்திருந்த குறைந்தது 10 மாணவர்களுக்கு அந்த இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஃபேஸ்புக்கில் ஒரு தனிப்பட்ட அரட்டைக் குழுவில் அவர்கள் பகிர்ந்த கீழ்த்தரமான மீம்கள்தான் காரணம். யாரும் அதைப் பொதுவில் போடவில்லை. குழு மூடியேதான் இருந்தது; ஆனாலும் விஷயம் வெளியே வந்தது.

இன்னொன்று, சுவரைக் கட்டிய நிறுவனமே அதை நகர்த்திவிடலாம். 2004-ல் ஃபேஸ்புக் தொடங்கியபோது அது கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமானது. உடன் படிப்பவர்கள்தான் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணி மாணவர்கள் படங்களை ஏற்றினார்கள். 2006 செப்டம்பரில் 13 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம் என்று கதவு திறந்தது. படங்கள் அதே இடத்தில்தான் இருந்தன, சுற்றி இருந்தவர்கள் மாறிவிட்டார்கள்.

இரண்டாவது கணக்கு

இதைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் மிகவும் நம்புவது இதைத்தான். 2016 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் ஒரே செயலியில் பல கணக்குகளுக்கு மாறிக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. அதன் பிறகு ‘ஃபின்ஸ்டா’, ‘ஸ்பாம் அக்கவுன்ட்’ என்று பல பெயர்களில் இரண்டாம் கணக்கு வைத்திருப்பது சாதாரணமாகிவிட்டது. முதல் கணக்கில் பட்டமளிப்புப் படம், அடுத்ததில் அழுத கண்ணோடு நள்ளிரவு செல்ஃபி.

பெரியவர்கள் இதை ஏமாற்று வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தையிடம் பேசுவதுபோல் அறைத்தோழியிடம் யாரும் பேசுவதில்லை. இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தால் நாம் வாயடைத்துப்போவோம். ஆலிஸ் மார்விக், டானா பாய்ட் என்ற ஆய்வாளர்கள் 2011-ல் வெளியான கட்டுரையில் ட்விட்டர் பயனர்களிடம் கண்டதும் இதைத்தான்: வெவ்வேறு உறவுகள் அனைத்தும் ஒரே பார்வையாளர் கூட்டமாகக் குவிந்துவிடும்போது, யாருக்கு எதைச் சொல்வது என்று மனிதர்கள் திணறுகிறார்கள். இரண்டாம் கணக்கு அந்தத் திணறலுக்கு மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்த தீர்வு. அதன் தேவையை மதிக்கிறேன். அதன் பாதுகாப்பைத்தான் நம்ப முடியவில்லை.

தொடர்பு எண்களைச் செயலியில் இணைத்திருந்தால், அதே எண்ணில் தொடங்கிய ரகசியக் கணக்கு உறவினருக்கே ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று பரிந்துரையாகப் போய் நிற்கலாம். அவசரத்தில் கணக்கு மாற மறந்து தவறான இடத்தில் ஸ்டோரி போடுவதும் நடக்கும். எல்லாவற்றையும்விட, நட்பு முறிவது. இன்ஸ்டாகிராமில் உங்கள் ஸ்டோரியையோ பதிவையோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்கு அறிவிப்பு வராது. ஸ்னாப்சாட் அறிவிக்கும், ஆனால் வேறொரு போனால் திரையைப் படமெடுத்தால் அதற்கும் தெரியாது. செய்திகள் மறைந்துவிடும் என்று சொன்னது உண்மைக்குப் புறம்பானது என்ற குற்றச்சாட்டில் அமெரிக்காவின் வணிக ஆணையத்தோடு ஸ்னாப்சாட் 2014-ல் உடன்பாட்டுக்கு வந்தது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும் என்ற எண்ணத்தில் எதையும் போடாதீர்கள்.

இதோடு ஒப்பிட வேண்டிய ஒன்று அதே செயலிக்குள்ளேயே இருக்கிறது: 2018-ல் வந்த ‘க்ளோஸ் ஃபிரண்ட்ஸ்’ பட்டியல். நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் ஸ்டோரியைக் காட்டும் வசதி இது. ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், இங்கேயும் கசியும். ஆனால் தேடிக் கண்டுபிடிக்க இரண்டாவது பெயர் என்று ஒன்று கிடையாது, பரிந்துரையில் போய் மாட்டிக்கொள்ளவும் எதுவும் இல்லை. பட்டியலில் இருந்து ஒருவரை எடுத்தால் அவருக்கு அறிவிப்பு போகாது, மனக்கசப்பும் குறைவு. ஸ்டோரியைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிவதால் உள்ளே இருப்பவர்களுக்கும் இது நெருங்கியவர்களுக்கு மட்டுமே என்று புரியும். பராமரிக்க ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். எட்டு பத்து பேர் கொண்ட பட்டியல், ஐம்பது பேர் பின்தொடரும் ரகசியக் கணக்கைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. இரண்டாவது கணக்கு கேட்கும் மாணவர்களுக்கு இதையே நான் முதலில் சொல்வேன்.

லிங்க்ட்இன் மட்டும் போதுமா

லிங்க்ட்இன், வேலைத் தொடர்புகளுக்காக 2003-ல் தொடங்கிய தளம். அதில் பொதுவாக வைத்த ப்ரொஃபைல், பெயரைத் தேடும்போது பெரும்பாலும் மேலேயே வந்துவிடுகிறது. அது பெரிய பலம். ப்ரொஃபைல் முகவரியில் வரும் எண் குவியலை எடுத்துவிட்டு உங்கள் பெயரையே வைக்கலாம். அதை ரெஸ்யூமேயில் போட்டால் பார்க்கவும் ஒழுங்காக இருக்கும்.

பலவீனம் உள்ளடக்கத்தில்தான். எல்லா மாணவர்களும் ‘ஆர்வமும் உழைப்பும் மிக்கவர்’, எல்லோரிடமும் அதே இணையவழிச் சான்றிதழ்கள். பத்து ப்ரொஃபைலைப் படித்தால் ஒரே ஆளைப் பத்து முறை சந்தித்ததுபோல் இருக்கும். இன்னும் கவலை தருவது, சக மாணவர்களின் ‘மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்’ பதிவுகளைத் தினமும் பார்த்து, தான் பின்தங்கிவிட்டோம் என்று உள்ளுக்குள் சுருங்கும் பிள்ளைகள். அறிவிப்பை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை உள்ளே போய் ப்ரொஃபைலைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். இந்தத் தளத்துக்கு அவ்வளவு நேரம் போதும்.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் இடும் கமென்டும் லைக்கும் உங்கள் ப்ரொஃபைலின் செயல்பாட்டுப் பகுதியில் தெரியும். அரசியல் சண்டைக்கு நடுவே போட்ட ஒரு லைக்கும் அங்கே நிற்கும்.

இதே ‘தொழில்முறை’ ஆசையில் சிலர் இன்ஸ்டாகிராம் கணக்கை கிரியேட்டர் கணக்காக மாற்றுகிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு கிடைக்கும் என்பதுதான் ஈர்ப்பு. அப்படியான தொழில்முறைக் கணக்கைப் பிரைவேட் ஆக்க முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 ஜூலை முதல் அப்படிப்பட்ட பொதுக் கணக்குகளின் பதிவுகள் கூகுள் போன்ற தேடுபொறிகளிலும் வரத் தொடங்கின. அமைப்புகளில் அதை அணைத்து வைக்கலாம். இசை, நடனம், ஓவியம் என்று வெளியே காட்ட ஏதாவது இருந்தால் இந்த மாற்றம் உங்களுக்குச் சாதகம். வெறும் எண்ணிக்கை பார்க்கத்தான் மாற்றினீர்கள் என்றால் திரும்பச் சாதாரணக் கணக்காக்கிவிடுங்கள்.

வேலையைத் திறந்து வைப்பது

இது மெதுவான வழி, எனக்குப் பிடித்த வழியும்கூட. மற்ற மூன்றிலும் ‘நான் எப்படிப்பட்டவன்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் செய்ததைக் காட்டினால் போதும், விளம்பரம் தேவையில்லை. நிரல் எழுதுபவர்களுக்கு, எழுதிய நிரலை ஏற்றி வைக்க 2008-ல் தொடங்கிய கிட்ஹப் தளம் இருக்கிறது. அங்கேயே இலவசமாக ஒரு சிறிய இணையப் பக்கமும் வைத்துக்கொள்ளலாம். உயிரியல் படிப்பவர் ஐநேச்சுரலிஸ்டில் தான் கண்ட பறவையையும் பூச்சியையும் பதிவு செய்யலாம். மற்றவர்கள் அடையாளத்தைச் சரிபார்ப்பார்கள், அது உண்மையான அறிவியல் தரவாகவும் பயன்படும். வரலாறு படிப்பவர் நல்ல கட்டுரை இரண்டை ஒரு வலைப்பூவில் போட்டாலே போதும்.

இதிலும் ஆபத்து உண்டு. கிட்ஹப்பில் ஒவ்வொரு பதிவேற்றத்தோடும் உங்கள் மின்னஞ்சல் முகவரி சேர்ந்து போகும். அதை மறைக்கும் வசதியை முதலிலேயே இயக்க வேண்டும். கோப்பில் தெரியாமல் விட்ட கடவுச்சொல்லைப் பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் வழி. ஐநேச்சுரலிஸ்டில் வீட்டுத் தோட்டத்துப் பட்டாம்பூச்சியைப் போட்டால் வீடு இருக்கும் இடமும் வரைபடத்தில் புள்ளியாக விழும். அங்கே இடத்தை மங்கலாக்கும் தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

உழைப்பு என்று பார்த்தால் தொடக்கத்தில் இதுதான் அதிகம் கேட்கிறது. ஆனால் முடித்த வேலை ஒன்று வருடக்கணக்கில் அப்படியே நிற்கும், தினமும் தீனி போட வேண்டியதில்லை. ‘விரைவில் வருகிறது’ என்று காலிப் பக்கங்களை மட்டும் வைக்காதீர்கள்.

அப்புறம், பழையவற்றை அழிப்பது. அழிக்கலாம், ஆனால் முழுவதும் போய்விடும் என்று எண்ண வேண்டாம். 2001-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த வேபேக் மெஷின் எத்தனையோ பொதுப் பக்கங்களின் பழைய நகல்களை வைத்திருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் மறக்கப்படும் உரிமையை ஏற்றபோதும் அது நீக்கச் சொன்னது தேடல் முடிவிலிருந்துதான், மூலப் பக்கத்திலிருந்து அல்ல. தொலைபேசி எண், வீட்டு முகவரி தேடலில் வந்தால் கூகுளிடமே நீக்கக் கோரும் வசதி இருக்கிறது; அதை உடனே செய்யுங்கள்.

என் தேர்வைக் கேட்டால்: இருக்கும் ஒரே இன்ஸ்டா கணக்கைப் பிரைவேட் ஆக்கி, நெருங்கியவர்களுக்கு மட்டும் சின்னப் பட்டியல், சுருக்கமான லிங்க்ட்இன், அதிலிருந்து உங்கள் வேலைக்கு ஓர் இணைப்பு. இரண்டாவது கணக்கு வேண்டாம். இளமையில் வாய்விட்டுப் பேச ஓர் இடம் கட்டாயம் வேண்டும், அந்த இடம் சிறியதாக இருந்தால்தான் நிலைக்கும். தேடுபவர்களுக்கு நீங்களே ஒன்றை எடுத்து வைத்தால் அவர்கள் முதலில் பார்ப்பது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவரிடமிருந்து தப்பிக்க வேண்டிய மாணவியிடம் பெயரோடு பக்கம் திறக்கச் சொல்வது தவறான ஆலோசனை. அவருக்கு முழுப் பூட்டுதான் சரி: முகம் தெரியாத படம், வேறு பயனர் பெயர், தொடர்பு எண் இணைப்பு நீக்கம், ஃபாலோயர் பட்டியலில் முழுக் களையெடுப்பு. அப்படி இருந்துகொண்டும் வேலையைக் காட்ட முடியும். கிட்ஹப் உண்மைப் பெயரைக் கேட்பதில்லை. புனைபெயரில் செய்த வேலையின் இணைப்பை, விண்ணப்பிக்கும் இடத்துக்கு மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம்.