மலையில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: உயரத்தைக் கணக்கில் எடுக்காத ஆப்

டெக்சாஸில் இருந்து கொலராடோவுக்கு எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாடப் போகும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டாவின் போக்கைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு ஆப்புக்கு வருடச் சந்தா கட்டினேன். எந்த உயரத்தில் நின்றாலும் அதுவே இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அதற்காகத்தான் வாங்கினேன்.

ஹூஸ்டன் கிட்டத்தட்ட கடல்மட்டம். கொலராடோ மலையில் இருக்கும் கன்னிசன் ஊர் சுமார் 7,700 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் தடை குறைவதால் தோட்டா அவ்வளவாக வேகம் இழக்காது, கீழே இறங்குவதும் குறையும். 300 கெஜத்துக்குள் இது பெரிய விஷயமில்லை. தூரம் கூடக் கூடத்தான் பிரச்சினை.

கன்னிசன் பக்கம் ஒரு ரேஞ்சில் என் .308 ரைபிளைச் சரிபார்த்தேன். 100 கெஜத்தில் குறி தப்பவில்லை. 600 கெஜத்தில் ஆப் சொன்னபடி ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருப்பிச் சுட்டால், ஒவ்வொரு தோட்டாவும் அரை அடிக்கு மேல் உயரத்தில் போய் விழுந்தது. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தன் கையடக்க மீட்டரைக் காட்டினார். காற்றழுத்தம் 22.6 அங்குலம் (பாதரச அளவில்). என் ஆப்பில் 30.1!

காரணம் இதுதான். வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் அந்த இடத்தின் உண்மையான அழுத்தம் இல்லை. ஊருக்கு ஊர் ஒப்பிடுவதற்காகக் கடல்மட்டத்துக்கு மாற்றிய எண் அது. இந்த ஆப் அதை இணையத்தில் எடுத்து, உண்மை அழுத்தம் என்று அப்படியே கணக்கில் போட்டுவிடுகிறது. உயரம் திரையில் சரியாகத் தெரிகிறது, ஆனால் கணக்கில் சேர்வதில்லை. மலையில் நின்றாலும் ஹூஸ்டன் விடைதான் வரும்.

ஆப் நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன். முதலில் ஸ்கோப் மாட்டியதைச் சரிபார்க்கச் சொன்னார்கள். விடாமல் கேட்டதும், சரியான தகவல் கொடுப்பது பயனரின் பொறுப்பு என்றார்கள். தகவலை எடுத்தது அவர்களுடைய ஆப்! பணம் திரும்பக் கேட்டதற்குக் கெடு முடிந்துவிட்டது என்று பதில்.

பணம்கூடப் போகட்டும். அந்த எண்ணை நம்பி ஒருவர் எல்க்கைச் சுட்டால், நெஞ்சுக்கு வைத்த குறி முதுகில் பட்டு, அடிபட்ட மிருகம் காட்டுக்குள் ஓடித் துடித்துத்தான் சாகும். அவ்வளவு தூரத்தில் உயிருள்ள மிருகத்தைச் சுடவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் இப்படிப்பட்ட ஆப்கள்தான் பலருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கின்றன.

எந்த ஆப்பாக இருந்தாலும், இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் நாட்களிலேயே சோதித்துவிடுங்கள். உயரம் 0, அழுத்தம் 29.92 என்று கொடுத்து 600 கெஜத்துக்கு ஸ்கோப்பை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று வரும் விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உயரத்தை மட்டும் 8,000 அடி ஆக்குங்கள். விடை மாறவில்லை என்றால் அந்த ஆப் உயரத்தைப் பார்க்கவில்லை. அழுத்தத்தை 22.2 ஆக்கினால் விடை குறைய வேண்டும், அந்த உயரத்தின் இயல்பான அழுத்தம் அது. வானிலையைத் தானாக எடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, மீட்டரில் பார்த்த அழுத்தத்தைக் கையால் போடுங்கள். அப்படிப் போட இடமே தராத ஆப்புக்குச் சந்தா கட்டாதீர்கள்.