பிராஞ்சைஸ் விளம்பர ஃபண்டு: பொதுக் கணக்கா, டிரஸ்ட் கணக்கா?

மாசாமாசம் சேல்ஸ்ல இத்தனை பர்சென்ட்னு பிராஞ்சைஸ்ல, அதாவது ஒரு பெரிய கம்பெனியோட பேர்ல நடத்த, கடை எடுத்தவங்க விளம்பர ஃபண்டுக்குக் கட்டுறாங்கல்ல, தாய்க் கம்பெனி திவாலானா அந்தப் பணம் என்னாகும்ங்கறது அது எப்படிக் கிடக்குதுங்கறதப் பொறுத்துதான்.

கம்பெனியோட பொதுக் கணக்குல கலந்திருந்தா ரொம்பக் கஷ்டம். நம்ம நாட்டு 2016 திவால் சட்டப்படி கேஸ் அட்மிட் ஆனதுமே மொரட்டோரியம் (வசூல் நடவடிக்கைக்குத் தடை) வந்துரும், தனியா கேஸ் போட்டு வசூலிக்க முடியாது, கிளெய்ம் மட்டும் போடலாம், அப்புறம் லிக்விடேஷனுக்கு, அதாவது கம்பெனிய மூடி சொத்த வித்துப் பிரிக்கிற நிலைக்குப் போச்சுன்னா பிரிவு 53 வரிசைல முதல்ல நடவடிக்கைச் செலவு, அடுத்து தொழிலாளர் பாக்கியும் அடமானம் வாங்குன பேங்கும், பிறகு மத்த ஊழியர் சம்பளம், அடமானம் இல்லாத நிதிக்கடன், அரசாங்க பாக்கி, இதுக்கெல்லாம் கீழதான் கடைக்காரங்க, அதுவரைக்கும் பணம் மிஞ்சுறது அபூர்வம்.

டிரஸ்ட்டா, அதாவது கடைக்காரங்களுக்காகக் கம்பெனி பொறுப்பா பார்த்துக்கற பணமா வெச்சிருந்தா நெலமை வேற. பிரிவு 36(4) படி அடுத்தவங்களுக்காக டிரஸ்ட்ல இருக்குற சொத்து லிக்விடேஷன் சொத்துலயே சேராது. ஆனா தனி அக்கவுண்ட் மட்டும் பத்தாதுங்க, இது கடைக்காரங்களுக்காக டிரஸ்ட்ல வெச்ச பணம், விளம்பரத்துக்கு மட்டும்னு அக்ரிமென்ட்ல தெளிவா இருக்கணும், கம்பெனியும் அத எடுத்து ஆபீஸ் வாடகை கட்டியிருக்கக் கூடாது.

என்னக் கேட்டா டிரஸ்ட் ஷரத்து இல்லாம கையெழுத்தே போடாதீங்க, செக்யூரிட்டி டெபாசிட்டுக்கும் இதையே கேளுங்க.