உடல்நலக் கைப்பட்டை: நடைக்கு நம்பலாம், உறக்கக் கணக்கை அளவோடு நம்பலாம்

உறக்கம், நடை, நாடித்துடிப்பு ஆகிய மூன்றையும் காட்டும் கைப்பட்டையை வாங்க நினைப்பவர்கள், அது எதை நேரடியாக அளக்கிறது, எதை ஊகிக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பட்டையின் அடியில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் சென்று, இரத்த ஓட்டத்திற்கேற்பக் கூடியும் குறைந்தும் திரும்புவதைக் கொண்டு நாடித்துடிப்பு கணக்கிடப்படுகிறது. அமர்ந்திருக்கும்போது இது பெரும்பாலும் சரியாக இருக்கிறது, பட்டை தளர்ந்தால் தடுமாறுகிறது.

உறக்க நிலைகளை உறுதியாகப் பிரித்தறிய மூளை அலைப் பதிவு தேவை. மணிக்கட்டின் அசைவையும் துடிப்பையும் வைத்து இக்கருவி சொல்லும் ஆழ்ந்த உறக்கத்தின் அளவு ஒரு மதிப்பீடு மட்டுமே. நான் அசையாமல் விழித்துப் படுத்திருந்த நேரத்தையும் அது உறக்கக் கணக்கில் சேர்த்துவிட்டது. ஆயினும் படுக்கும் நேரமும் எழும் நேரமும் வாரம் முழுவதும் எவ்வளவு மாறுகின்றன என்பதைக் கண்முன் காட்டும் வரைபடம் உண்மையிலேயே பயனுள்ளது. மாலைக் காபியைக் கைவிட எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ஏனெனில் காஃபீனில் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது.

முன்கூட்டியே வைக்கப்பட்டுள்ள 10,000 காலடி இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியிலிருந்து பரவியது. அதை மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பது நன்று. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையை இலக்காக வைத்தால், வேகமாக நடந்த நிமிடங்களை மட்டும் தனியே கூட்டிக் காட்டுகிறது. நெடுநேரம் அசையாமல் இருந்தால் வரும் மெல்லிய அதிர்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திரையின் எழுத்து முதியவர்களுக்கு மிகச் சிறியது. தயாரிப்பாளர்கள் இதைச் சரிசெய்ய வேண்டும்.